சோதனையில் தேறிய கருவி

யாழ்ப்பாணத் தமிழில் ‘சோதனை’ என்னும் சொல்லுக்கு வேலை அதிகம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எழுதுவது சோதனை. போர்க்காலத்தில் சைக்கிளை விட்டிறங்கி, அடையாள அட்டையை நீட்டியபடி நாம் நடந்து கடந்தது சோதனைச் சாவடி. வாழ்க்கையில் தாங்க முடியாத ஒன்று வந்து சேர்ந்தால் அதுவும் சோதனைதான். மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்று: சோதிப்பவர் கேட்கும் கேள்விக்குத்தான் விடை கிடைக்கும். கேளாத கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவனுக்கு இது புதிய ஞானமன்று. ஆயினும், ஒரு புகைக்கருவியைச் சோதித்த இரண்டு நாட்களில் இவ்வுண்மை புதிதாய் உறைத்தது. அதனை இங்கே எழுதி வைக்கிறேன்.

இலண்டனில் வாழும் என் தமக்கையின் மகன் விடுமுறையில் வந்திருந்தான். நாளொன்றுக்கு இருபது சிகரெட் புகைத்தவன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதை அறவே விட்டுவிட்டான். அதற்காக அவனை மெச்சாதவர் குடும்பத்தில் இல்லை. சிகரெட்டின் இடத்தில் இப்போது அவன் சட்டைப்பையில் இருப்பது உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகப் பெட்டி. பொதுவாக ‘வேப்’ என்றும் மின்சிகரெட் என்றும் சொல்லப்படும் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்துள் இதற்கு ‘ஸ்குவொங்க்’ என்று பெயர்.

பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாக் காடுகளில் மரம் வெட்டுவோர் சொல்லிவந்த கதைகளில் இதே பெயருடைய ஒரு பிராணி உண்டு. தன் அழகற்ற தோலை எண்ணி ஓயாமல் அழும் அப்பிராணியைப் பிடித்துச் சாக்கில் கட்டினால், சாக்கினுள் கண்ணீர் மட்டுமே மிஞ்சுமாம். 1910ஆம் ஆண்டிலேயே இக்கதை நூலில் ஏறிவிட்டது. எங்கள் மேசையில் இருந்த ஸ்குவொங்க்கும் ஒருவகையில் அழும் பிராணிதான். அதன் வயிற்றில் 8 மில்லிலீற்றர் கொள்ளும் மெதுவான சிறு போத்தல் ஒன்று உண்டு. அதை விரலால் அமுக்கினால் திரவம் மேலேறி, கம்பிச் சுருளுக்குள் செருகிய பஞ்சுத்திரியை நனைக்கும். விரலை எடுத்தால் மிகுதி போத்தலுக்குள் இறங்கும். பொத்தானை அழுத்தும்போது சுருள் சூடாகித் திரியிலுள்ள திரவத்தை ஆவியாக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெயும் பஞ்சுத்திரியும் இட்டு விளக்கெரித்த எம்மவருக்கு இதன் பாதித் தத்துவம் விளங்கிவிடும்.

சட்டம் பற்றி ஒரு சொல். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை நிறுவிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதைத் தடுக்கிறது. புகையிலை அடங்கிய மின்சிகரெட்டுகளுக்கு 2016இன் ஒழுங்குவிதிகள் தடை விதித்தன. இந்தியா 2019இல் மின்சிகரெட்டை முழுவதாகவே தடை செய்தது. பிரித்தானியாவோ அவற்றை அனுமதித்து, திரவத்தின் நிக்கொட்டின் அளவை மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் என்று மட்டுப்படுத்தியது. ஒரே பொருளை மூன்று நாடுகள் மூன்று கண்களால் பார்க்கின்றன. மருமகன் பிரித்தானியக் கண்ணோடு வந்தவன்.

“இது சும்மா சாமான் இல்லை, மாமா. உள்ளுக்கை சிப் இருக்கு. நாற்பது வாற்று எண்டு வைச்சால் நாற்பது வாற்றுத்தான் குடுக்கும்” என்றான்.

எங்கள் அயலில் ஒரு மாஸ்ரர் இருக்கிறார். தொழில்நுட்பப் பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பழைய வானொலி முதல் புதிய சூரியத் தகடு வரை ஊரில் பழுதாகும் எதுவும் கடைசியில் அவரிடந்தான் போய்ச் சேரும். 1990களின் முற்பாதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்தும், துளையிட்டு உப்புநீர் விட்டும் இன்னுமொரு செய்தியறிக்கைக்கு உயிர் கொடுக்கும் வித்தையை அப்போது பலரும் கற்றிருந்தோம். அந்தக் கலையில் மாஸ்ரர் ஒரு பேராசிரியர். ‘கருவி சொல்வதை நம்பாதே, அளந்து பார்’ என்பது அவர் கொள்கை. ஆகவே மருமகனின் பெருமிதத்தைக் கேட்டதும், “கொண்டாரும் தம்பி, பாப்பம்” என்றார்.

முதலில் தடையை அளந்தார். கருவியின் சிறு திரை சுருளின் தடை 0.3 ஓம் என்று காட்டியது. சாதாரண மானியால் இவ்வளவு சிறிய தடையை நேரே அளக்க முடியாது. மானியின் வயர்களுக்கே ஏறத்தாழ அவ்வளவு தடை உண்டு. மாஸ்ரர் வயர்களின் நுனிகளை ஒன்றோடொன்று தொடவைத்து 0.2 என்று குறித்துக்கொண்டார். பின் சுருளை அளந்தார்; 0.5. கழித்தால் 0.3. திரை பொய் சொல்லவில்லை.

அடுத்தது வலு. பொத்தானை அழுத்தியபோது சுருளின் இரு முனைகளுக்கிடையே 3.4 வோல்ற்று. வோல்ற்றைத் தன்னால் பெருக்கித் தடையால் வகுத்தால் வலு. விடை 38.5 வாற்று. திரையில் இருந்தது 40. நூற்றுக்கு நான்கு வீதத்துக்கும் குறைவான வேறுபாடு. மானியின் பிழையை எண்ணினால் அதுவும் பொருட்படுத்தத் தக்கதன்று. பற்றரி பாதி இறங்கிய பின்னும், முக்கால்வாசி இறங்கிய பின்னும் மீண்டும் அளந்தார். அதே எண். பற்றரி மேலும் தளர்ந்தபோது கருவி வலுவைக் குறைத்து ஏமாற்றாமல், பற்றரி போதாது என்று அறிவித்து நின்றுவிட்டது.

மூன்றாவது சோதனைக்கு என்னைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார். சுருளைக் கழற்றிவிட்டு அதன் இரு தூண்களையும் தடித்த செப்புக் கம்பியால் இணைத்தார். பொத்தானை அழுத்தினார். குறுஞ்சுற்று என்று எழுத்துக் காட்டி, மின்னை விட மறுத்தது கருவி. இது விளையாட்டன்று. இத்தகைய காவல் எதுவும் இல்லாமல் பற்றரியை நேரே சுருளோடு இணைக்கும் கருவிகளும் சந்தையில் உண்டு. அமெரிக்காவில் 2018இல் புளோரிடாவிலும் 2019இல் டெக்சாஸிலும் வேப் கருவி வெடித்து இருவர் உயிரிழந்தனர். லித்தியம் அயன் பற்றரி எங்கள் பழைய ரோச் பற்றரியைப் போல் பொறுமையானதன்று.

ஆக, மின்சாரத்தின் பக்கம் நின்று பார்த்தால் கருவி முதல் வகுப்பில் தேறிவிட்டது. மருமகன் முகத்தில் வெளிச்சம். நானோ செய்தியாளன் புத்தியோடு கேட்டேன்: “இது மின்சாரச் சோதனை. இழுக்கிற ஆளுக்கு என்ன போகிறது என்பதை எப்படி அளப்பது?”

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதை வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று.

சிகரெட்டை அளப்பதற்கென்றே புகைக்கும் இயந்திரம் ஒன்றுண்டு. சர்வதேசத் தர அமைப்பு வகுத்த முறைப்படி அது நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு விநாடி நேரம், 35 மில்லிலீற்றர் புகையை இழுக்கும். அமெரிக்க அரசு 1960களிலிருந்து ஏறத்தாழ இதே முறையில் அளந்த தார், நிக்கொட்டின் எண்களுக்கு ஆதரவளித்து வந்தது. அந்த எண்களைக் காட்டியே ‘லைற்’, ‘மைல்ட்’ என்ற பெயர்களில் சிகரெட்டுகள் உலகெங்கும் விற்பனையாயின. அவற்றின் தந்திரம் வடிகட்டியைச் சுற்றியிருந்த நுண்துளைகளில் இருந்தது. இயந்திரம் இழுக்கும்போது துளைகள் வழியே வெளிக்காற்று புகுந்து புகையை ஐதாக்கும், எண் குறையும். மனிதன் புகைக்கும்போது அவன் விரலும் உதடும் துளைகளை மூடும். மேலும், உடலுக்கு நிக்கொட்டின் போதாவிட்டால் அவன் ஆழமாகவும் அடிக்கடியும் இழுப்பான். இயந்திரத்துக்குப் பழக்கம் இல்லை, மனிதனுக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் அச்சொற்களைத் தடை செய்தது. அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு அந்த அளவை முறைக்குத் தந்திருந்த ஆதரவை 2008இல் விலக்கிக்கொண்டது; 2010இல் அச்சொற்களும் அங்கே பெட்டிகளிலிருந்து நீங்கின. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் எத்தனை பேர், சிகரெட்டை விடுவதற்குப் பதிலாக ‘லைற்’ சிகரெட்டுக்கு மாறி மனத்தைத் தேற்றிக்கொண்டனரோ!

மின்சிகரெட்டுக்கும் இப்போது ஒரு நியம இழுப்பு உண்டு: 30 விநாடிக்கு ஒருமுறை, மூன்று விநாடி நேரம், 55 மில்லிலீற்றர். மாஸ்ரர் பாமசியில் 60 மில்லிலீற்றர் சிரிஞ்சு ஒன்று வாங்கி வந்து, இறப்பர்க் குழாயால் கருவியின் வாயோடு பொருத்தினார். நான் கடிகாரம் பார்த்துச் சொல்ல, அவர் இழுத்தார். ஐந்தாவது இழுப்பில் கருகல் மணம் வந்தது. திறந்து பார்த்தால் திரியின் ஓரம் பழுப்பேறியிருந்தது.

காரணம் எளிது. இந்தக் கருவி வாயால் உறிஞ்சுவதற்கன்றி, நெஞ்சு நிறைய நேரே இழுப்பதற்கென அகலமான காற்று வாசலோடு செய்யப்பட்டது. மருமகனின் ஓர் இழுப்பு, சிரிஞ்சின் கொள்ளளவைப்போல் பல மடங்கு. அவ்வளவு காற்று பாய்ந்தால்தான் சுருள் குளிரும். நியம இழுப்பு இதற்குப் போதாது. போதாத இடத்தில் திரி கருகுகிறது. 2015இல் இதே சிக்கல் பெரிய விவாதமாயிற்று. மின்சிகரெட்டில் வோல்ற்றளவைக் கூட்டினால் போமல்டிகைட் மிகுதியாக உண்டாகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் சிலர் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் எழுதினர். அந்த நிலையில் கருகல் சுவை வரும், எந்த மனிதனும் அதை இழுக்கமாட்டான் என்று மற்றவர்கள் மறுத்தனர். ‘லைற்’ சிகரெட்டின் கதையில் இயந்திரம் மனிதனைவிடக் குறைவாக அளந்தது. இங்கே கூடுதலாக அளக்கக்கூடும் என்பது வாதம். இரண்டிலும் அடிப்படைக் கேள்வி ஒன்றே: யாருடைய மூச்சை அளக்கிறோம்?

ஆகவே மருமகனுடைய மூச்சையே அளப்பதென்று முடிவு செய்தோம். புதிய பஞ்சு வைத்து, கருவியை முழுதாக நிறுத்தோம். நகை நிறுக்கும் மின்தராசு அதற்கு உதவியது. அது ஒரு கிராமின் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். மருமகன் தன் வழக்கப்படி பத்து முறை இழுத்தான். மீண்டும் நிறுத்தோம். 0.31 கிராம் குறைந்திருந்தது. ஓர் இழுப்புக்கு 31 மில்லிகிராம் திரவம்.

இந்த இடத்தில் திரவத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்கோலும் கலந்து, வாசனையும் இனிப்பும் சேர்த்து, நிக்கொட்டின் இட்ட பாணி அது. அதை முகர்ந்தபோது எனக்குச் சுருட்டுக் கொட்டில் நினைவு வந்தது. என் சிறுபிராயத்தில், 1970களில், எங்கள் ஊரில் சுருட்டுக் கொட்டில்கள் இருந்தன. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. பிற்காலத்தில் யாழ்ப்பாணச் சுருட்டு தென்னிலங்கைச் சந்தியெல்லாம் கடை விரித்தது. சுருட்டுக்குரிய புகையிலைக்குக் கோடா போடுவார்கள். கோடாவும் வாசனையும் இனிப்பும் கூடிய ஒரு பாணிதான். கொட்டிலில் வரிசையாக அமர்ந்து தொழிலாளர் சுருட்டுச் சுற்ற, ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார். பத்திரிகை என்பதை நான் முதலில் கண்ணால் அறியவில்லை, காதால் அறிந்தேன். அது அங்கேதான்.

அங்கும் சோதனை இருந்தது. இலையை விரலிடையே தேய்த்துப் பார்ப்பார்கள்; முகர்வார்கள்; ஒரு சுருட்டைப் பற்றவைத்துச் சாம்பல் வெள்ளையாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நின்றால் நல்ல சுருட்டு. சுற்றியவரின் இருமலை எவரும் எண்ணியதில்லை. அது சரக்கின் தரத்தில் சேராது.

இனி மருமகனின் கணக்கு. அவன் தொடக்கத்தில் பேனாவைப் போன்ற சிறு கருவி ஒன்றைப் பாவித்தான். அதன் திரவத்தில் மில்லிலீற்றருக்கு 18 மில்லிகிராம் நிக்கொட்டின். இப்போது பாவிப்பதில் 3 மட்டுமே. இங்கிலாந்தில் நிக்கொட்டின் கலந்த திரவத்தை 10 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலில் விற்க முடியாது. ஆகவே நிக்கொட்டின் இல்லாத 50 மில்லிலீற்றர் திரவத்தை வாங்கி, அதனுள் 18 மில்லிகிராம் திரவம் 10 மில்லிலீற்றரைத் தானே ஊற்றிக் குலுக்கிக்கொள்கிறான். 180ஐ 60ஆல் வகுத்தால் 3. கணக்கில் பிழை இல்லை.

“பதினெட்டிலையிருந்து மூண்டுக்கு இறங்கீட்டன், மாமா. இன்னுங் கொஞ்சத்தில பூச்சியம்” என்று அவன் வந்த நாள்முதல் சொல்லிக்கொண்டிருந்தான்.

மாஸ்ரர் பென்சிலை எடுத்தார். “தம்பி, இந்தப் போத்தில் ஒரு நாளைக்கு எத்தினை?”

“ஒண்டு. சில நாள் கொஞ்சங் கூட.”

“முந்தின பேனையிலை?”

மருமகன் யோசித்தான். “ஒண்டரை மில்லி போகும்.”

மாஸ்ரர் பழைய கொப்பியின் பின்தாளில் இரண்டு வரி எழுதினார். முன்பு: ஒன்றரையைப் பதினெட்டால் பெருக்க 27 மில்லிகிராம். இப்போது: எட்டை மூன்றால் பெருக்க 24 மில்லிகிராம். ஆறில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டதாக அவன் எண்ணியிருந்த நிக்கொட்டின், ஒன்பதில் ஒரு பங்கே குறைந்திருந்தது. அதேவேளை நெஞ்சுக்குள் போகும் ஆவியோ ஐந்து மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. 31 மில்லிகிராம் வீதம் ஒரு போத்தலைத் தீர்க்க ஏறத்தாழ 300 இழுப்பு வேண்டும். இருபது சிகரெட்டுக்கு, ஒன்றுக்குப் பத்தாக, 200 இழுப்பு. எதற்காக எப்போதும் இரண்டு பற்றரி கொண்டு திரிகிறான் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவன் யாரையும் ஏமாற்றவில்லை. உடல் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். நிக்கொட்டின் குறைந்த திரவத்தைக் கொடுத்தால் பாவனையாளர் கூடுதலாகவும் நீளமாகவும் இழுத்து ஈடுசெய்கிறார்கள் என்பதை இலண்டனில் நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்றும் காட்டியது. ‘லைற்’ சிகரெட்டின் பழைய கதை வேறு வேடத்தில் வந்திருக்கிறது. அன்று அதற்குத் துணைநின்றது துளையிட்ட வடிகட்டி. இன்று துணைநிற்பது நாற்பது வாற்றைத் தவறாது தரும் நல்ல கருவி. கருவி நன்றாகச் செயற்பட்டதால்தான் இந்த ஈடுசெய்தல் இவ்வளவு எளிதாயிற்று.

நடுநிலை தவறாது இன்னொன்றையும் சொல்லவேண்டும். சிகரெட்டை முற்றாக விட்டு இதற்கு மாறியவனின் உடலுக்குள், எரிந்த புகையிலையின் தாரும் காபனோரொட்சைட்டும் போவதில்லை. நிக்கொட்டின் ஒட்டுப்பட்டி, சூயிங்கம் ஆகியவற்றைவிட நிக்கொட்டின் மின்சிகரெட்டு சிகரெட்டை விடுவதற்குக் கூடுதலாக உதவுகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்றுகள் உண்டு. மருமகனின் நெஞ்சிரைப்பு அடங்கியதை அவன் தாயே சொல்கிறாள். அவனை மீண்டும் சிகரெட்டுக்கு விரட்டும் எந்தப் பேச்சும் பாவமே. ஆனால் ‘சிகரெட்டைவிடக் குறைவு’ என்பது வேறு, ‘தீங்கில்லை’ என்பது வேறு. 2019, 2020இல் அமெரிக்காவில் வேப் பாவித்த 2,800க்கு மேற்பட்டோர் நுரையீரல் பாதிப்புடன் மருத்துவமனை சேர்ந்தனர். 68 மரணங்கள் பதிவாயின. அதற்கு முதற்காரணமாகக் காணப்பட்டது, கஞ்சாச் சத்து அடங்கிய கள்ளச்சந்தைத் திரவங்களில் கலந்திருந்த விற்றமின் ஈ அசிற்றேற்று. கருவியை மட்டும் மானி வைத்து அளந்திருந்தால் அவை பலவும் தேறியிருக்கும்.

எனக்குப் பதினைந்து வயதில் ஒரு மகன் இருக்கிறான். இரண்டு நாளும் மேசையருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். குறுஞ்சுற்றுச் சோதனையில் கருவி தப்பியபோது கைதட்டியவன் அவன்தான். அவனுக்கு அதில் தெரிந்தது ஒரு வெற்றி. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கைதட்டல். ‘சோதனையில் தேறியது’ என்ற தலைப்பை எங்கள் தொழிலில் மிக எளிதாகப் போட்டுவிடலாம். எதைச் சோதித்தது, யார் மூச்சில் சோதித்தது, எதைச் சோதிக்காமல் விட்டது என்ற மூன்றும் தலைப்பில் அடங்குவதில்லை. வாசிப்பவன் பதினைந்து வயதினனாயின் அவனுக்குத் தலைப்பு மட்டுமே போதும். அவனை இருத்தி மாஸ்ரரின் இரண்டு வரிக் கணக்கை அவன் கையாலேயே செய்யவைத்தேன். செய்து முடித்து, “அப்ப மச்சானுக்கு ஒண்டும் குறையேல்லையே, அப்பா?” என்று கேட்டான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மருமகன் எழுந்து வெளியே போனான்.

போகும்போது கருவியை மேசையிலேயே விட்டுப் போனான். அரைமணி நேரத்தில் வந்து எடுத்தும் கொண்டான். பழக்கம் ஒரு பெருக்கல் கணக்கில் விட்டுவிடாது. ஆயினும் மறுநாள் மாஸ்ரரிடம் அவன் கேட்டது வாற்றைப் பற்றியதன்று. ஒரு நாளைக்கு எத்தனை மில்லிலீற்றர் போகிறது என்பதைக் குறித்துவர, வாரத்துக்கு அரை மில்லிலீற்றர் வீதம் குறைக்க ஓர் அட்டவணை போட்டுத் தரமுடியுமா என்று கேட்டான். மாஸ்ரர் போட்டுக் கொடுத்தார். நிக்கொட்டின் செறிவை மாற்றக் கூடாது, வாற்றைக் கூட்டக் கூடாது, போத்தலை மட்டும் குறைக்கவேண்டும் என்பது நிபந்தனை. இலண்டன் போய்ச் சேர்ந்த பின் ஞாயிறுதோறும் எண்ணை மாத்திரம் அனுப்புகிறான். முதல் வாரம் எட்டு. இரண்டாம் வாரம் ஏழரை. மூன்றாம் வாரமும் ஏழரை. சென்ற ஞாயிறு ஏழு.